செம்பிக்கு வீடு தேடுன கதை

குட்டி நாய்க்கு வீடு தேடுறது லேசு, ஒரு போட்டோ போட்டா அன்னைக்கே கேட்டு வந்துருவாங்க. மனுசர கண்டாலே செவத்தோட ஒட்டிக்கிட்டு நடுங்குற வளந்த பொட்ட நாய்க்கு வீடு தேடுறது அப்படி இல்ல. அத செஞ்சு முடிச்ச பெறகு எழுதுறேன், எங்க மலைநாட்டு பக்கம் இந்த மாதிரி ஒரு நாய வச்சுக்கிட்டு என்ன செய்றதுன்னு தெரியாம இருக்கவங்களுக்கு ஒதவட்டும்.

எங்க தோட்டம் இலங்கையில ஹட்டன் பக்கம். தேயிலை மலை முடிஞ்சு காடு தொடங்குற எடத்துல காட்டுப்பன்னிக்கு கம்பி சுருக்கு வைப்பாங்க, 2020ல நல்லதண்ணியில கருஞ்சிறுத்தை மாட்டி செத்துப்போச்சே, அந்த மாதிரி சுருக்குதான். நான் சொல்ற நாய் செம்பி அதுல மாட்டி, கம்பிய எப்படியோ அறுத்துக்கிட்டு, மிச்ச கம்பி கழுத்து சதைக்குள்ள எறங்கி கெடக்க, கொழுந்து எடுக்க போன அக்காமாரு கண்ணுல தண்ணி ஓடுற கான் ஓரத்துல பட்டிருக்கு. வெட் டொக்டர் மயக்க ஊசி போட்டுத்தான் கம்பிய எடுத்தாரு. காயம் நல்லா ஆறுன பெறகு கருத்தடை ஆபரேஷன், விசர்நாய் தடுப்பூசி எல்லாம் முடிச்சு கார்ட் எடுத்து வச்சேன். (ஊசி போடாத நாய தூக்க போறவங்க கவனம். கடி பட்டா, சும்மா கீறுனாலும் சரி, சவுக்காரம் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு போங்க, நாளைக்கு பாப்போம்னு இருக்காதீங்க.)

ஒடம்பு தேறுச்சு, பயம் தேறல. குட்டிங்க பொறந்து 3 கிழமையில இருந்து 14 கிழமை வரைக்கும் உள்ள காலத்துலதான் மனுசன், சத்தம், வீடு வாசல் எல்லாம் பயப்புட தேவையில்லாததுன்னு மூளையில பதியும்னு டொக்டர் சொன்னாரு. அந்த காலத்துல மனுசர் கையே படாம வளந்து, பெறகு கழுத்துல கம்பியும் இறுகுன நாய்க்கு, தலைக்கு மேல ஒரு கை வந்தா அது தடவ வருதா அடிக்க வருதான்னு எப்படி தெரியும். வாலு வயித்துக்குள்ள போயிரும், கண்ணுல வெள்ள தெரியும், ஒதட்ட நக்கிக்கிட்டே கொட்டாவி விடும். பாக்குறவங்க தூக்கம் வருதுன்னு சொல்லுவாங்க. தூக்கம் இல்ல அது, "கிட்ட வராத"ன்னு கெஞ்சுறது. உறுமுனாலும் ஏசாதீங்க, உறுமுறது நமக்கு சொல்ற எச்சரிக்கை, அத ஏசி நிப்பாட்டுனா அடுத்த தடவ சொல்லாமலே கடிக்கும்.

எங்க வீட்டுல வச்சிருக்கலாம்தானேன்னு எல்லாரும் கேட்டாங்க. நாங்க இருக்குறது லயத்துல, வரிசையா ஒட்டி ஒட்டி கட்டுன தோட்டத்து வீடு. அடுத்த காம்பராவுல டீவி போட்டா நம்ம காம்பராவுல கேக்கும், முன் வாசல் இஸ்தோப்புல புள்ளைங்க பந்தடிக்கும், மாசத்துல ஒரு தடவையாச்சும் ஏதாவது வீட்டுல தப்பு மேள சத்தம், ஸ்பீக்கர் சத்தம். அண்ணன் புள்ளைங்க வேற ஓடி வெளாடுற வயசு, அதுகள அடக்கி வச்சு நாய காப்பாத்துறதும் ஞாயமில்ல. சாக்குக் கட்டிலுக்கு கீழ இருந்து செம்பி ராத்திரி மட்டும்தான் வெளிய வரும், எல்லாரும் தூங்குன பெறகு சாப்பிடும். அதுக்கு தேவைப்பட்டது பெரியவங்க மட்டும் இருக்குற, சத்தமில்லாத, அவசரப்படாத ஒரு வீடு.

போட்டோவோட உண்மைய அப்படியே எழுதுனேன். தொட விடாது, மடியில வராது, காவலுக்கு ஆகாது, மாசக்கணக்கா கட்டிலுக்கு கீழயே இருக்கலாம், அப்படின்னு. "இப்படி எழுதுனா யாரு எடுப்பா"ன்னு கூட்டாளி ஒருத்தி ஏசுனா. எனக்கு நெறய பேரு வேணாம், ஒரு ஆளு போதும்.

கேட்டவங்கள்ல பாதி பேரு மொதல்ல கேட்டது கடிக்குமா, என்ன ஜாதி. மரக்கறி தோட்டத்துக்கு காவலுக்கு வேணும்னு நுவரெலியா பக்கத்துல இருந்து ஒருத்தர் கேட்டாரு, சங்கிலியில கட்டி வைப்பாராம். கழுத்துல கம்பித் தழும்போட இருக்க நாய சங்கிலிக்கு அனுப்ப ஏலாதுன்னு அந்த எடத்துலயே சொல்லிட்டேன். கொட்டகலையில இருந்து கேட்ட குடும்பத்துக்கு இல்லன்னு சொன்னதுதான் கஷ்டம். நல்ல மனுசங்க. ரெண்டு சின்ன புள்ளைங்க, போன புடுங்கி "நாங்க ரொம்ப பாசமா பாத்துக்குவோம் அக்கா"ன்னு சொல்லுதுங்க. பாசம் கூடுன புள்ள கட்டிப் புடிக்கும், செம்பிக்கு கழுத்த சுத்தி ஒரு கை வந்தா என்ன ஆகும்னு அவங்க அம்மாவுக்கு வெளங்கப்படுத்துனேன், அவங்களும் கோவிக்கல.

கடைசியா பண்டாரவளையில இருந்து ஒரு ஐயா பேசுனாரு. தோட்டத்து ஸ்டோருல, அதான் தேயிலை பெக்டரியில, டீமேக்கரா இருந்து ரிடையர் ஆனவரு, அவரும் அவரு அக்காவும் மட்டும்தான் வீட்டுல, வயசான ஒரு நாய் இருக்கு, அது ஒண்ணுக்கும் அலட்டிக்காதாம். அவரு மொத கேள்வியே, "எந்த சத்தத்துக்கு கூடுதலா பயப்புடும், புள்ள?" நான் ஒவ்வொண்ணா சொல்ல சொல்ல கேட்டுட்டு, "என்கிட்ட வராட்டியும் பரவால்ல, வீட்டுல அது பாட்டுக்கு ஒரு பக்கமா இருக்கட்டும்"னாரு. எனக்கு அங்கயே மனசு நின்னு போச்சு. ஆனாலும் வந்து பாக்காம குடுக்க மாட்டேன்னு சொன்னேன்.

ரயில் கோச்சி ஏறி ஹட்டனுக்கு வந்தாரு. நான் சொல்லிக் குடுக்கவே இல்ல, மனுசன் தானாவே செம்பி இருந்த பக்கம் பாக்காம வாங்குல சரிஞ்சு ஒக்காந்தாரு, பேப்பர விரிச்சாரு, தேத்தண்ணி குடிச்சாரு. நான் உப்பு போடாம அவிச்சு வச்ச கோழி ஈரல சின்னச் சின்னதா பிச்சு, கைய ஓங்காம, காலுக்கு பக்கத்துல நழுவ விட்டாரு. ரொம்ப நேரத்துக்கு பெறகு கட்டிலுக்கு கீழ இருந்து மூக்கு மட்டும் வந்திச்சு. பின்னங்கால் ரெண்டும் உள்ளயே ஊனி இருக்க, முன்பக்கத்த மட்டும் நீட்டி, அவரு செருப்புக்கு ஒரு சாண் தள்ளி கெடந்த துண்ட எடுத்துக்கிட்டு திரும்ப உள்ள போயிருச்சு. அவரு பேப்பர்ல இருந்து தலைய தூக்கல. கூப்பிடல, ச்சூ ச்சூன்னு சத்தம் போடல. பெறகும் சில தடவ வந்தாரு, ஒவ்வொரு தடவையும் அதே எடம், இடுப்புல அதே சாரம், அதே ஈரல்.

நானும் போய் அவரு வீட்ட பாத்தேன். சுத்தி வேலி இருக்கு, கேட்டுக்கு கீழ இருந்த ஓட்டைய அடைக்க சொன்னேன், அடைச்சிட்டு போட்டோ அனுப்புனாரு. ராத்திரியில நாய் வீட்டுக்குள்ளதான்னு முன்கூட்டியே பேசிக்கிட்டோம், எங்க பக்கமெல்லாம் சிறுத்தை வாசல் வரைக்கும் வந்து நாய தூக்கிட்டு போறது தெரிஞ்ச விஷயம்தானே. சரிவரலன்னா வேற யாருக்கும் குடுக்காம எனக்கே திருப்பி தரணும்னு ஒரு தாள்ல எழுதி ரெண்டு பேரும் சைன் வச்சோம்.

அனுப்புன அன்னைக்கு காலையில சாப்பாடு குடுக்கல, நானுஓயா, ஹக்கல, வெலிமடைன்னு அம்புட்டு வளைவுலயும் வாந்தி எடுக்காம இருக்கணுமே. கழுத்துப் பட்டி போடவே மாட்டேன், நெஞ்ச சுத்தி போடுற பட்டிதான், அதுல ரெண்டு கயிறு. பயந்த நாய் பின்னால இழுத்தா கழுத்துப் பட்டி கழண்டுரும், தெரியாத ஊருல ஒரு தடவ ஓடிருச்சுன்னா கூப்பிட்டாலும் வராது, தொரத்துனா இன்னும் தூரம் போயிரும். கொண்டு போற கூட்டுக்குள்ள அது படுத்த பழைய கம்பளிய தொவைக்காம அப்படியே போட்டேன், அதோட வாசமாச்சும் பழகுனதா இருக்கட்டும்னு.

போன பெறகு மொத கொஞ்ச நாளு ஐயா வீட்டு சாமான் ரூம் மூலைதான். அக்கா சாப்பாட்ட வச்சிட்டு கதவ சாத்திருவாங்க. வெளிய வர வச்சது மனுசர் இல்ல, அந்த வயசான நாய். அது போய் வெயில்ல படுக்குறத பாத்து இதுவும் பின்னாலயே போய் படுத்திருக்கு. தீவாளிக்கு வெடி சத்தத்துக்கு ஜன்னல சாத்தி, ரேடியோவ கொஞ்சம் சத்தமா வச்சு, ஐயா அந்த ரூம்லயே கீழ பாய் போட்டு படுத்தாராம். விடியக்காலையில இதுவும் கம்பளிய விட்டு வந்து பாய் ஓரத்துல படுத்திருந்திச்சுன்னு அக்கா வட்ஸ்அப்ல வொய்ஸ் அனுப்புனாங்க, நான் பஸ்ல நின்னுக்கிட்டே திருப்பி திருப்பி கேட்டேன்.

இன்னும் கழுத்த தொட விடாது. ஐயா தோளு வரைக்கும் வந்துட்டாரு, ஒரு தடவ தொட்டா ஒரு துண்டு ஈரல், அது தலைய திருப்பிக்கிட்டா அன்னைக்கு அதோட நிப்பாட்டிருவாரு. வருசா வருசம் போடுற தடுப்பூசி நேரம் வரப் போகுது, டொக்டர வீட்டுக்கே வர சொல்லியிருக்கோம். அதுக்கு முன்னால, கடிக்காம வாய்க்கு போடுற வாய்ப்பட்டி பழகணும்னு ஐயா பட்டிக்குள்ள ஈரல் தடவி கையில வச்சிருக்காரு, செம்பி மூக்க தானாவே உள்ள விட்டு நக்குது, பட்டி வார இன்னும் கட்டல.