ஓட வைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிறுத்த வைக்க மூன்று மாதம்

அப்பாவின் ஹோண்டா சி70 மோட்டார் சைக்கிள் எங்கள் மாட்டுக் கொட்டகை மூலையில் ஒன்பது வருடம் சாக்கு போர்த்திக் கிடந்தது. பர்மாவில் எங்கள் ஊரான மோல்மீனின் டீக்கடைகளுக்குப் பால் ஊற்றிய வண்டி. பின்னால் இரண்டு பக்கமும் கேன், காலுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் இன்னொரு கேன். எல்லாம் சேர்த்து 20 வீசைக்கு, அதாவது 32 கிலோவுக்குக் குறையாது. வண்டியின் எடையே 75 கிலோ சொச்சம்தான்.

இதில் கிளட்ச் லிவர் கிடையாது. கியரைக் காலால் அமுக்கினால் போதும், இடது கைக்கு வேலையே இல்லை. ஜப்பானில் நூடுல்ஸ் கொண்டுபோகும் பையன்கள் ஒரு கையால் ஓட்டட்டும் என்றுதான் 1958இல் இந்த வகையை அப்படிச் செய்தார்கள் என்று சொல்வார்கள். அப்பா அந்த இடது கையில் குடை பிடித்துக்கொண்டு போவார். தப்புதான். ஆனால் ஜூனில் பிடித்தால் செப்டம்பர் வரை விடாத எங்கள் ஊர் மழையில் நனைந்தவர்கள் அவரை அவ்வளவாகத் திட்ட மாட்டார்கள்.

எஞ்சினை உயிர்ப்பிக்க ஒரு நாள்தான் ஆனது. சனிக்கிழமை இரவு பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே கொஞ்சம் டீசலும் ஆயிலும் ஊற்றி ஊற விட்டேன். காலையில் கிக்கரை மிதித்தால் பிஸ்டன் முனகிக்கொண்டே அசைந்தது. கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் கோந்தாக உறைந்திருந்தது. பெட்ரோல் போகும் பைலட் ஜெட்டின் துளை கண்ணுக்கே தெரியவில்லை. பிளக்குக்குப் பொறி தரும் பாயின்டைத் தேய்த்து இடைவெளியை 0.35 மில்லிமீட்டருக்கு வைத்தேன், வால்வு இடைவெளி 0.05, புது ஆயில் முக்கால் லிட்டருக்குச் சற்று மேல். நாலு மணிக்கு வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு பிடித்துக்கொண்டது. மாடு கயிற்றை இழுத்தது. அம்மா அடுப்படியிலிருந்து வந்து வாசலில் நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய்விட்டாள்.

அப்புறம் நான் செய்தது முட்டாள்தனம். மறுநாளே பகோடா மலைப் பாதையில் ஏற்றினேன். ஏறும்போது ராஜா மாதிரி ஏறியது. இறங்கும்போது முன்னால் ஒரு சைக்கா, எங்கள் ஊர் சைக்கிள் ரிக்‌ஷா, பயணி இறங்குவதற்காக நின்றது. கைப் பிரேக், கால் பிரேக் இரண்டையும் பிடித்தேன். வண்டி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கியரைக் குறைத்து, செருப்பைத் தரையில் தேய்த்து, கடைசியில் ஒரு மடத்து மதிலில் உரசித்தான் நின்றேன். முழங்காலில் நாலு தையல். தலைக்கவசம் தலையில் இருந்தது, வாரைப் பூட்டவில்லை. மதிலுக்கு முன்னால் அது கழன்று உருண்டு போய்விட்டது. போலீஸுக்காகப் போடுகிறவர்கள் எல்லாம் இப்படித்தான் போடுகிறோம்.

நடக்க முடிந்ததும் மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனேன். மோன் இனத்துக்காரர், வயதானவர், எல்லோருக்கும் அவர் ஸயா, அதாவது வாத்தியார். எஞ்சின் சத்தத்தைப் பற்றிப் பெருமையாக ஆரம்பித்தேன். அவர் கேட்கவே இல்லை. பின்சக்கரத்துப் பக்கம் குந்தி, பிரேக் மிதியை என்னை அமுக்கச் சொன்னார்.

"இந்தக் கையை யார் திருப்பிப் போட்டது?"

டிரம்மிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய இரும்புக் கையைச் சொன்னார். டிரம்முக்குள் சக்கரத்தைப் பிடிக்கும் பிரேக் ஷூ தேயத் தேய, கம்பி முனையில் உள்ள நட்டைத் திருகிக்கொண்டே வரலாம். நட்டு முடிந்துவிட்டால் ஷூவை மாற்ற வேண்டும். மாற்றக் காசில்லாதவர்கள் அந்தக் கையைக் கழற்றி ஒரு பல், இரண்டு பல் தள்ளி மாட்டிவிடுவார்கள். மிதி திரும்பவும் கெட்டியாகிவிடும். ஆனால் அதற்கு மேல் அமுக்கினால் கைக்கும் மிதியிலிருந்து வரும் கம்பிக்கும் நடுவே உள்ள கோணம் 90 டிகிரியைத் தாண்டிவிடும். எவ்வளவு மிதித்தாலும் பலம் ஷூவுக்குப் போகாது. இதில் இரண்டு பல் தள்ளியிருந்தது.

அந்த வண்டியை அப்பாவைத் தவிர யாரும் தொட்டதில்லை.

டிரம்மைத் திறந்ததும் நான் தூசியை ஊதப் போனேன். ஸயா என் வாயைப் பொத்தினார். ஷூ மேல் ஒட்டியிருக்கும் பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், சோப்புத் தண்ணீரில் நனைத்துத்தான் துடைக்க வேண்டும். லைனிங் என்று சொல்ல அங்கே அதிகம் இல்லை. இருந்த கொஞ்சமும் அச்சிலிருந்து கசிந்த கிரீஸில் ஊறிக் கண்ணாடியாக மின்னியது. முன்பிரேக் கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது.

புது ஷூ எல்லை ஊரான மியாவாடி வழியாகத் தாய்லாந்திலிருந்து வர ஐந்து வாரம். அதற்குள் முன்சக்கரத் தாங்கியின் புஷ்களை மாற்றினோம். இந்த வண்டியில் முன்பிரேக் பிடித்தால் மூக்கு தாழாது, மேலே தூக்கும். புஷ் தேய்ந்திருந்தால் தூக்கும்போதே ஒரு பக்கம் இழுக்கும். டயரில் பட்டன் நன்றாகத்தான் இருந்தது. ஸயா ஓரத்தில் இருந்த நாலு எண்ணைக் காட்டினார்: 1108. 2008ஆம் வருடம் 11ஆவது வாரம் செய்தது. நகத்தால் அழுத்தினால் பலகை மாதிரி இருந்தது. மழை ரோட்டில் அது சோப்புக்கட்டிதான். இரண்டையும் தூக்கிப் போட்டேன்.

ரங்கூனில் இருக்கும் சித்தப்பா மகன் போனில் சிரித்தான். அங்கே 2003லிருந்து மோட்டார் சைக்கிளுக்குத் தடை, அவனுக்கு இந்தக் கவலையே கிடையாது.

எங்களுக்கு இருக்கிறது. 1970இல் ஒரே நாளில் நாட்டின் போக்குவரத்தையே ரோட்டின் வலது பக்கத்துக்கு மாற்றினார்கள். ஆனால் நிறைய லாரிகளில் ஸ்டியரிங் இன்னும் வலது பக்கம்தான். டிரைவர் ரோட்டோரமாக உட்கார்ந்திருக்கிறார். முன்னால் போகும் வண்டியைத் தாண்ட வேண்டுமென்றால், எதிரே யார் வருகிறார்கள் என்று பார்க்கவே பாதி லாரியை நம் பக்கம் நீட்ட வேண்டும். அந்த நேரத்தில் எதிரே வருவது நான். அதனால் இரண்டு லாரி ஒட்டி வருவதைக் கண்டால், பின்னது நீட்டும் என்றே வைத்துக்கொண்டு முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுகிறேன். ஹாரன் அடித்து என் உரிமையை நிலைநாட்டுவதில்லை. சால்வீன் ஆற்றுப் பாலத்தில் பக்கக்காற்று வேறு. இந்த எடைக்கு அங்கே 25 மைலுக்கு மேல் வேண்டாம்.

போன வாரம் அம்மா பின்னால் உட்கார்ந்தாள். அவள் தலைக்கவசத்தின் வாரை நானே பூட்டினேன். கோயிலுக்குப் போய்விட்டு அதே பகோடா இறக்கத்தில் வந்தோம். இரண்டாவது கியர், பிரேக்கை லேசாகத் தொட்டேன். வண்டி அடங்கி இறங்கியது. பாதி இறக்கத்தில் அம்மா என் தோளைத் தட்டினாள்.

"இங்க வந்ததும் உங்கப்பா காலைத் தரையில தேய்ப்பாரு. மாசம் ஒரு செருப்பு வாங்கணும். ஏன்யா இப்படித் தேயுதுன்னு கேட்டா, நடை அப்படின்னு சொல்லுவாரு."