முடிவு உங்களுடையது

“சார், அவன் ஏன் பயிற்சிக்கு வருவதில்லை என்று உங்களுக்குத் தெரியுமா?” என்று எங்கள் சாரணர் படையின் மூத்த அணித் தலைவன் கேட்டபோது, “முடிவு உங்களுடையது” என்று மட்டும் சொன்னேன். கேட்ட கேள்விக்கு அது பதில் அல்ல என்பதைப் பதினாறு வயதான அவனும் உணர்ந்திருப்பான். சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, ஏலகிரி மலையேற்றத்துக்குச் செல்வோர் பட்டியலிலிருந்து அந்த எட்டாம் வகுப்புச் சிறுவனின் பெயரை அடித்தான். தொடர்ந்து பயிற்சிக்கு வராதவர்களை அழைத்துச் செல்வதில்லை என்பது அணித் தலைவர்களே தங்கள் மன்றத்தில் கூடி வகுத்துக்கொண்ட விதி.

காரணம் எனக்குத் தெரியும். அவனுடைய தாயாருக்குச் சனிக்கிழமையும் ஷூ கம்பெனியில் வேலை உண்டு. படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டியைச் சுத்தம் செய்து, உடை மாற்றி, கஞ்சி ஊட்டுவது அன்றைக்கு அவன் பொறுப்பு. மைதானத்தில் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது இதைச் சொல்லிவிட்டு, “பசங்களுக்குத் தெரிய வேண்டாம் சார்” என்று கேட்டுக்கொண்டான். நானும் தலையசைத்தேன். பிள்ளைகளிடம் இரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்கக் கூடாது என்றே எங்களைப் போன்ற தன்னார்வலர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். பிள்ளைக்குத் தீங்கு நேரும் இடத்தில் அது மிகச் சரி. ஆனால் இது தீங்கா, ஒரு குடும்பத்தின் அந்தரங்கமா?

சாரணர் இயக்கத்தின் உயிர், பிள்ளைகள் சிறு அணிகளாகத் தங்களைத் தாங்களே நடத்திக்கொள்ளும் அணிமுறையில் இருக்கிறது என்று நான் மனமார நம்புகிறேன். 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடந்த முதல் முகாமிலேயே இயக்கத்தின் நிறுவனர் பேடன்-பவல் சிறுவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனையே தலைவனாக்கினார். பெரியவர்கள் குறுக்கிட்டுத் தீர்ப்பைத் திருத்தத் தொடங்கினால் அந்த மன்றம் வெறும் நாடகமாகிவிடும். ஆகவே நான் ஒதுங்கி நின்றது முறைதான்.

இருந்தாலும், அவர்கள் முழு விவரமும் அறிந்து முடிவெடுத்தார்கள் என்று எப்படிச் சொல்வது? அவர்களுக்குத் தேவையான ஒரே உண்மை என்னிடம் இருந்தது. “வீட்டில் ஒரு பொறுப்பு இருக்கிறது” என்று பொதுவாகச் சொல்லியிருக்கலாமே என்று என் மனைவி கேட்டார். எங்கள் ஊரில் அந்த ஒரு வாக்கியமே போதும். மறுநாளே நாலு பையன்கள் அவன் வீட்டு வாசலில் நின்றிருப்பார்கள். அன்பினால்தான் போயிருப்பார்கள், அவன் அஞ்சியதும் அதற்குத்தான்.

மலையேற்றம் முடிந்த பிறகு, யாருடைய பெயரையும் நீக்கும் முன் தன்னார்வலர் ஒருவர் அந்தப் பிள்ளையிடம் தனியே காரணம் கேட்க வேண்டும், காரணம் தகுதியானதென்று அவருக்குத் தோன்றினால் விவரம் கேட்காமல் மன்றம் அதை ஏற்க வேண்டும் என்று ஒரு நடைமுறையைக் கொண்டுவந்தேன். அந்தச் சிறுவன் அடுத்த முகாமுக்கு வந்தான். குறுக்கிடக் கூடாது என்று வாதாடிய நானே குறுக்கீட்டை விதியாக்கியிருக்கிறேன் என்பது எனக்குப் புரியாமல் இல்லை.

மூத்த அணித் தலைவன் அதை ஏற்கவில்லை. “எங்களை நம்பிச் சொல்லியிருந்தால் நாங்களே விதியை மாற்றியிருப்போம் சார்” என்றான். மாற்றியிருப்பார்கள் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அவர்களை நம்பலாமா என்று முடிவெடுக்கும் உரிமை என்னுடையது அல்ல, அந்தச் சிறுவனுடையது என்றேன். அப்படியானால் அவனிடம் கேட்டீர்களா என்றான். கேட்கவில்லை.