நான்கு குப்பிகள், பத்து யூனிட்

அமெரிக்க கிளினிக்குகள் காப்பீட்டுப் பணம் கேட்டு அனுப்பும் க்ளெய்ம்களைச் சென்னையிலிருந்து சரிபார்ப்பது என் வேலை. அமெரிக்க அரசின் காப்பீடான மெடிக்கேரில் உள்ள நோயாளி ஒருவருக்கு அலர்ஜி ஊசி மருந்து தயாரித்ததற்காக, 95165 என்ற குறியீட்டில் வந்த க்ளெய்மில் 40 யூனிட் என்றிருந்ததைப் 10 ஆகத் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். அதற்கு அந்த அமெரிக்க அலர்ஜி கிளினிக்கின் மேலாளர் தொலைபேசியில் கேட்ட கேள்வி இன்னும் என்னை விடவில்லை. அவர் விதியைப் பற்றி வாதாடவே இல்லை. "எங்கள் நர்ஸ் நான்கு குப்பிகள் தயாரித்தார், பதிவேடும் இருக்கிறது, மூன்றை அவர் தயாரிக்கவில்லை என்கிறீர்களா?" என்றார். தயாரிக்கவில்லை என்று சொல்லவில்லை, அவற்றுக்கு மெடிக்கேரிடம் பணம் கேட்க முடியாது என்றுதான் சொல்கிறேன் என்றேன். பதிலில் பிழையில்லை. சற்றும் தயங்காமல் அதைச் சொன்னதுதான் உறுத்துகிறது.

சிவப்பு மூடிக் குப்பியில் இருப்பது முழுச் செறிவு மருந்து. மஞ்சள், நீலம், பச்சை மூடிக் குப்பிகள் அதிலிருந்தே படிக்குப் பத்து மடங்காக நீர்க்கச் செய்யப்படுபவை. மெடிக்கேர் கணக்கில் 1 மில்லிதான் ஒரு டோஸ், ஒரு டோஸுக்கு ஒரு யூனிட். 10 மில்லி குப்பியிலிருந்து அரை மில்லி வீதம் இருபது ஊசி போட்டாலும் 10 யூனிட்டுக்கு மேல் கேட்க முடியாது, நீர்த்த குப்பிகளுக்குத் தனியாக எதுவும் கிடையாது. 10 மில்லி குப்பி ஒன்றைத் தயாரிக்க ஆகும் செலவை வைத்தே கட்டணம் வகுக்கப்பட்டது என்பதால் இதில் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். பூஞ்சையின் நொதிகள் மகரந்தப் புரதங்களைச் சிதைக்கக்கூடும் என்று இரண்டையும் தனித்தனிக் குப்பிகளில் கலந்திருந்தால் 20 யூனிட் கேட்கலாம். அப்படி ஒன்று இருந்துவிடாதா என்று அந்த நோயாளியின் கோப்பை நானே தேடிப் பார்த்தேன். மகரந்தம் மட்டுமே இருந்தது.

ஆனால், சிகிச்சை தொடங்குவதே அந்த நீர்த்த குப்பிகளில்தான். அங்கே செறிவோ லேபிளோ மாறிப்போனால் நோயாளிக்கு அனாஃபிலாக்சிஸ் என்னும் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம். எனவே நர்ஸின் கவனம் அதிகம் செலவாகும் இடமும் அதுவாகவே இருக்கவேண்டும். சென்னையில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கவனத்துக்கு யூனிட் இல்லை என்று சொல்வது எளிது. இன்னொன்றும் இருக்கிறது. மருத்துவச் சேவைகளுக்கான குறியீடுகளைத் தரும் சிபிடி நூலின்படி ஒரே ஊசியில் செலுத்தப்படும் அளவுதான் ஒரு டோஸ். அதை ஏற்கும் தனியார் காப்பீட்டு நிறுவனத்துக்கு அதே 10 மில்லி குப்பியை 20 டோஸ் என்று அனுப்பும்போது என் கை நடுங்குவதில்லை. எந்தப் பணம் யாருடைய நிபந்தனையில் வருகிறதோ அந்த நிபந்தனைப்படி கேட்பதுதான் என் வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பெரும்பாலும் அது போதுமானதாகவும் இருக்கிறது.

போதாமல் போவது, அழைப்பு முடிந்தபின் நான் அனுப்பிய மின்னஞ்சலை நினைக்கும்போதுதான். முந்தைய க்ளெய்ம்களும் இப்படியே போயிருந்தால் கூடுதலாகப் பெற்ற தொகையை, அது கண்டறியப்பட்ட 60 நாள்களுக்குள் தெரிவித்துத் திருப்பித் தரவேண்டும் என்று அதில் எழுதினேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்று எங்கள் டீம் லீட் சொல்லியிருந்தார். அவர் சொன்னதும் பயத்தால் அல்ல: அமெரிக்கச் சட்டத்தில் தெரிந்தே செய்தது, கண்டும் காணாமல் விட்டது என்பனவற்றுக்குத் தனி எடை உண்டு, என் கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு, தெரியாது என்று சொல்லும் வழி அந்த மேலாளருக்கு அடைபட்டுவிட்டது. சொல்லாமல் இருந்திருந்தால் தவறு அமைதியாகத் தொடர்ந்திருக்கும். சொன்னதால், ஒரு சிறிய கிளினிக்கின் சுமையைக் கூட்டி என் பக்கத்தைச் சுத்தமாக்கிக்கொண்டேனோ என்றும் தோன்றுகிறது. மின்னஞ்சலை மீண்டும் படித்தால் இரண்டு காரணங்களும் அதே வரிகளில்தான் இருக்கின்றன.

அதற்குப் பிறகு அங்கிருந்து வந்த மெடிக்கேர் க்ளெய்ம்கள் 10 யூனிட்டுடனே வந்தன. பழைய தொகை திரும்பப் போயிற்றா என்று கேட்கும் இடத்தில் நான் இல்லை. கேட்டிருந்தாலும், அக்கறையால் கேட்டதா, என் கோப்பில் ஒரு பதில் இருக்கட்டும் என்று கேட்டதா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடிந்திருக்காது.