டர்பன் பீர்க்கடையில் முதலில் சாப்பாட்டைச் சொல்லுங்கள்

டர்பனுக்கு வரும் தமிழ்ப் பயணிகளின் பட்டியலில் கடற்கரை இருக்கும், உம்பிலோ கோவில் இருக்கும், விக்டோரியா தெருச் சந்தையின் மசாலாக் கடைகள் இருக்கும். இருட்டிய பிறகு எங்கே போவது என்பதுதான் இருக்காது. கிளென்வுட், மார்னிங்சைட், ஸ்டேஷன் டிரைவ் பக்கம் போனால் கிராஃப்ட் பீர், அதாவது சின்ன மதுவடிப்பகங்கள் சிறு அளவில் தயாரிக்கும் பீர் ஊற்றும் சின்னச் சின்ன இடங்கள் கண்ணில் படும். பத்துப் பன்னிரண்டு மேசைகள், சுவரில் பீர்களின் பெயர் எழுதிய ஒரு கரும்பலகை, கவுன்ட்டருக்குப் பின்னால் வரிசையாகக் குழாய்கள், உள்ளே கறியும் சிப்ஸும் தயாராகும் சமையலறை. அக்கம்பக்கத்துக்காரர்கள் வேலை முடிந்து வந்து, ஆற அமரச் சாப்பிட்டுப் போகிற இடங்கள். கடற்கரை ஹோட்டல் பார்களைவிட இவற்றைத்தான் நாங்கள் சிபாரிசு செய்வோம். ஆனால் ஒரு நிபந்தனை: முதலில் சாப்பாட்டைச் சொல்லுங்கள், அதைப் பார்த்துப் பீரைச் சொல்லுங்கள்.

காரணம், எங்கள் ஊர்க் கறி. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலில் இறங்கியவர்களும், அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் கரும்புத் தோட்டத்து அடுப்பில் கட்டி எழுப்பிய கறி இது. தேங்காய் அதிகம் சேராது; மிளகாய்த்தூள் தாராளம். கறிவேப்பிலை, தக்காளி, குழம்பை உறிஞ்சிக்கொள்ளும் பெரிய உருளைக்கிழங்குத் துண்டுகள், மேலே சிவப்பாக மிதக்கும் எண்ணெய். சந்தையில் மாமியாரையே தீர்த்துக்கட்டும் என்று பெயர் எழுதிக் குவித்து வைத்திருக்கும் மிளகாய் மசாலாவைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காரத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

குளிர்ந்த பீர் எதுவானாலும் காரத்தை அடக்கிவிடும் என்று நம்பி, பலகையில் முதலில் கண்ணில் படும் ஐபிஏவை (இந்தியா பேல் ஏல் என்ற கசப்பு மிகுந்த பீர்) சொல்பவர்கள் நிறைய. அங்கேதான் தவறு நடக்கிறது. மிளகாயின் எரிச்சலுக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் கரையாது. ஆல்கஹாலில் கரையும், ஆனால் பீரில் இருக்கும் 5 சதவீதம் அதைக் கழுவிக்கொண்டு போகப் போதாது. போதாததோடு, கேப்சைசின் தூண்டும் அதே எரிச்சல் நரம்புகளை ஆல்கஹாலும் தூண்டுகிறது. பீரின் வாயு நாக்கைக் குத்துகிறது, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடிப்பூவான ஹாப்ஸின் கசப்பு அதன்மேல் ஏறி உட்காருகிறது. கசப்பளவு (பலகையில் IBU என்று இருக்கும்) 60, ஆல்கஹால் 6.5 சதவீதம் உள்ள ஐபிஏவை மட்டன் கறியோடு குடித்தால் மூன்றும் ஒன்றாகச் சேரும். மட்டனும் தெரியாது, பீரும் தெரியாது. காரத்துக்கு இதம் தருவது மால்ட்டின், அதாவது பீருக்காக முளைகட்டி உலர்த்திய தானியத்தின் இனிப்பு. அதனால் பலகையில் கசப்பு குறைவாகவும் மால்ட் தூக்கலாகவும் உள்ளதைத் தேடுங்கள்.

பன்னி சௌ என்பது ரொட்டியைத் தோண்டிக் கறி நிரப்பித் தரும் டர்பன் உணவு; பெயரைக் கேட்டுப் பன்றி என்று நினைக்க வேண்டாம். குவார்ட்டர் (கால் ரொட்டி) மட்டன் பன்னி சௌ வருகிறதென்றால் எங்கள் முதல் தேர்வு மால்ட் தூக்கலான ஆம்பர் ஏல் அல்லது பிரவுன் ஏல் பீர். வறுத்த மால்ட்டின் கேரமல் வாசம், மெல்ல வெந்த ஆட்டிறைச்சியோடும் வதங்கிய வெங்காயத்தோடும் சேரும். போர்ட்டர் என்ற கருநிறப் பீரும் நன்றாகவே போகும். குவாசுலு-நட்டால் உள்பகுதியில் 1996இல் தொடங்கிய நாட்டிங்ஹாம் ரோடு மதுவடிப்பகத்தின் பிக்கிள்டு பிக் போர்ட்டர் எங்காவது பலகையில் இருந்தால் அதைக் கேட்டுப் பாருங்கள். பீன்ஸ் பன்னிக்கு வைஸ், அதாவது கோதுமை பீர். அதன் கசப்பளவு பெரும்பாலும் 10 முதல் 15. ஈஸ்ட்டிலிருந்து வரும் கிராம்பு, வாழைப்பழ வாசம் எங்கள் மசாலாவுக்கு அந்நியம் இல்லை. இறால் கறிக்கும் அதுவே. பெரி-பெரி கோழி ஈரலில் காரத்தோடு எலுமிச்சைப் புளிப்பும் இருக்கும். அதற்கு வெளிர் நிறத்து லாகரோ பில்ஸ்னரோ போதும்.

ஐபிஏ பிடித்தவர்கள் மனம் தளர வேண்டாம். பில்டாங் (உப்பிட்டு உலர்த்திய இறைச்சி), பூரவோர்ஸ் (தென்னாப்பிரிக்கத் தொத்திறைச்சி) ரோல், உப்பும் வினிகரும் போட்ட சிப்ஸ், பூண்டு வெண்ணெயில் சுட்ட இறால்: உப்பும் கொழுப்பும் உள்ள, காரமில்லாத தட்டுகளுக்குக் கசப்புதான் வேண்டும். அது வாயில் படிந்த கொழுப்பை வெட்டிவிடும். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பில்டாங் பெரும்பாலும் மாடு, பூரவோர்ஸிலும் மாட்டிறைச்சிதான் முக்கியம். பன்னி சௌவில் மட்டன் என்றால் செம்மறி ஆடு. கேட்டுவிட்டே சொல்லுங்கள், இங்கே அது எல்லோரும் கேட்கும் கேள்வி.

ஹாப்ஸ் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த நாட்டுக்கே உரிய ருசி அது. தென்னாப்பிரிக்காவின் ஹாப்ஸ் வெஸ்டர்ன் கேப்பில், ஜார்ஜ் ஊரையொட்டிய அவுட்டெனிகுவா மலையடிவாரத்தில் விளைகிறது. ஹாப்ஸ் கொடிக்குக் கோடையில் நீண்ட பகல் தேவை. தெற்கு அட்சரேகை 34 பாகையில் பகல் அவ்வளவு நீளாது. வெளிநாட்டுக் கொடிகளுக்கு இரவில் விளக்கு போட்டு வளர்க்க வேண்டியிருந்தது. குறுகிய பகலுக்கு ஏற்ற ரகங்களை இங்கேயே ஒட்டுக் கலந்து உருவாக்கிய பிறகுதான் நிலைமை மாறியது. சதர்ன் பேஷன் ரகம் பேஷன் பழமும் கொய்யாவும் மணக்கும். ஆஃப்ரிக்கன் குவீன் கூஸ்பெரிப் பழம் போல (நம்மூர் நெல்லிக்காய் அல்ல) மணக்கும். பலகையில் இந்தப் பெயர்கள் தெரிந்தால் அந்தப் பேல் ஏலைக் காரமில்லாத தட்டோடு எடுங்கள். அமெரிக்க ஹாப்ஸ் போட்ட பீர் உலகமெல்லாம் கிடைக்கும்.

எதை எடுப்பது என்று முடிவாகவில்லையா? ஒரு வாய் ருசி கேளுங்கள், தருவார்கள். இல்லையென்றால் சின்னக் கிளாஸ்கள் வரிசையாக வரும் பலகை உண்டு. வெளிர் நிறத்திலிருந்து தொடங்கி, கசப்பானதைத் தாண்டி, கறுப்பானதில் முடியுங்கள். ஐபிஏவை முதலில் குடித்தால் அடுத்து வரும் லாகர் வெறும் தண்ணீராகத் தெரியும். கிளாஸ் சின்னது என்று ஏமாறவும் வேண்டாம்: 125 மில்லி வீதம் 5 கிளாஸ் என்றால் 625 மில்லி, அரை லிட்டர் கிளாஸைவிட அதிகம். அதை பஜியாவோடு, சமோசாவோடு முடித்துவிட்டு, பிடித்த ஒன்றை முழுக் கிளாஸாகக் கறியோடு வாங்குவது நல்ல முறை.

இனி கிளாஸைப் பார்ப்போம். நல்ல மதுவடிப்பகத்தின் பீரும் குழாயில் கெடும். வெண்ணெய் வாசமோ வினிகர்ப் புளிப்போ அடித்தால், பெரும்பாலும் பீர்க் குழாயைக் கழுவவில்லை என்று பொருள். உள்ளே பாக்டீரியா படிந்திருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அல்கலிக் கரைசல் விட்டுக் கழுவ வேண்டும் என்பது தொழிலின் வழக்கம். "குழாய் எப்போது கழுவியது?" என்று மரியாதையாகக் கேட்டால், அக்கறையுள்ள கடையில் உடனே பதில் வரும். கிளாஸின் உட்சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் கிளாஸில் எண்ணெய்ப் பிசுக்கோ அழுக்கோ இருக்கிறது. சுத்தமான கிளாஸில் நுரை இரண்டு விரல் உயரம் நிற்கும். ஒவ்வொரு மிடறுக்கும் ஒரு வளையம் விட்டு இறங்கும். ஃப்ரீசரில் உறைந்த கிளாஸ் கொடுத்தால் சாதாரணக் கிளாஸ் கேளுங்கள். உறைபனி நுரையைப் பொங்க வைக்கும், நாக்கை மரத்துப்போகச் செய்யும். லாகருக்கு 4 டிகிரி சரி; போர்ட்டர், ஸ்டவுட் 8 முதல் 12 டிகிரியில்தான் வாய் திறக்கும்.

மின்வெட்டு இன்னொரு விஷயம். 2022, 2023இல் நாடு முழுவதும் நேர அட்டவணை போட்டு மின்சாரத்தை நிறுத்தினார்கள். இப்போது அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் பகுதி மின்தடை வரும். குளிரூட்டி நின்றால் குழாயில் தங்கிய பீர் சூடேறும், அதில் கரைந்திருந்த வாயு பிரியும், திறந்தால் வெறும் நுரை. மின்சாரம் வந்ததும் முதலில் வருவதைக் கொட்டிவிட்டு ஊற்ற வேண்டும். கொட்டாமல் உங்கள் கிளாஸில் நிரப்பினால் வாயு போன, வெதுவெதுப்பான பீர்தான் கிடைக்கும். அப்படிப்பட்ட நாளில் பாட்டிலோ டின்னோ வாங்குவது மேல்.

பாட்டில் வாங்கினால் நிழலில் உட்காருங்கள். டர்பன் வெயில் கடுமையானது. ஹாப்ஸின் கசப்புப் பொருள் ஒளி பட்டுச் சிதைந்து, சில நிமிடங்களிலேயே கெட்ட நாற்றம் பிறக்கும். பச்சை, வெள்ளைப் பாட்டில்கள் ஒளியைத் தடுப்பதில்லை. பழுப்புப் பாட்டில் ஓரளவு காக்கும். கிளாஸில் ஊற்றிய பீருக்கு வராந்தா வெயிலில் எந்தக் காப்பும் இல்லை.

பன்னி சௌவைத் தட்டு வந்தவுடன் சாப்பிட வேண்டும். கால் ரொட்டியின் நடுவைத் தோண்டிக் கறி நிரப்பி, தோண்டிய ரொட்டியை மேலே வைத்துத் தருவார்கள். அந்தத் துண்டால் மேலிருக்கும் குழம்பைத் தொட்டுத் தொடங்கி, பிறகு சுவரை மேலிருந்து கீழாகக் கிள்ளிக்கொண்டே இறங்குங்கள். கையால்தான். பக்கத்தில் கேரட், வெங்காயம், பச்சைமிளகாய் போட்ட சாம்பல்ஸ் வரும். பேச்சில் ஆழ்ந்து தட்டை மறந்தால் அடி ஊறிப் பிளந்து, கறி தட்டில் பரவிவிடும்.

உம்கொம்போத்தி பற்றிக் கேட்பவர்கள் உண்டு. சோளமும் மக்காச்சோளமும் சேர்த்துக் காய்ச்சும் ஜுலு, கோசா மக்களின் பீர்: கலங்கலானது, புளிப்பானது, ஆல்கஹால் குறைவு. 1909இலிருந்து டர்பன் நகராட்சி அதை விற்கும் உரிமையைத் தனக்கே வைத்துக்கொண்டு, வீட்டில் காய்ச்சிய கறுப்பினப் பெண்களைத் தண்டித்தது. 1959இல் கேட்டோ மேனர் பெண்கள் நகராட்சியின் பீர் மண்டபங்களுக்கு எதிராகத் திரண்டெழுந்தார்கள். கறுப்பின மக்கள் மற்ற மதுவைச் சட்டப்படி வாங்க முடிந்தது 1962இலிருந்துதான். இந்த ஊரில் பீர் கிளாஸைத் தொடுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறோம். உம்கொம்போத்தி எங்காவது கிடைத்தால் புதிதாக இருக்கும்போதே குடியுங்கள். பாத்திரத்திலேயே தொடர்ந்து நொதிப்பதால் நாளாக ஆகப் புளிப்பு ஏறும்.

பில்லில் 10 முதல் 15 சதவீதம் டிப்ஸ் வைப்பது வழக்கம். பெரிய கூட்டமாகப் போனால் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வாடகைக் கார் ஓட்டுபவர்கள் அன்று குடிக்கவே வேண்டாம். ரத்தத்தில் 100 மில்லிக்கு 0.05 கிராம் என்பது சட்ட வரம்பு. 6.5 சதவீத ஐபிஏ அரை லிட்டரில் 32 மில்லிக்கு மேல் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. செயலியில் டாக்சி அழைத்து, அது வாசலுக்கு வந்த பிறகு வெளியே வாருங்கள்.

புரட்டாசியில் வருபவர்களுக்கு: டர்பன் தமிழ்க் குடும்பங்கள் பலவும் அந்த மாதம் இறைச்சியும் மதுவும் தொடுவதில்லை. விரதம் இருப்பவர்களும் பீன்ஸ் பன்னிக்காக இங்கே வரலாம். சமோசாவும் சிப்ஸும் பொரிக்கும் எண்ணெயில் இறைச்சி பொரித்தார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆல்கஹால் இல்லாத பீரில் 0.0 சதவீதமும் உண்டு, 0.5 சதவீதமும் உண்டு. லேபிளைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் திறக்கச் சொல்லுங்கள்.