விலை கேட்காத சர்வேயில் விலை தேடியது

குடும்பத்துக்குக் குடும்பம் வாங்குவது ஏன் மாறுகிறது, விலை ஏறினால் யார் எவ்வளவு குறைக்கிறார்கள் என்று ஆராய வருகிற ஜூனியர்கள் முதலில் கேட்பது எந்த மாடல் போடலாம் என்பதைத்தான். மாடலுக்குப் பஞ்சமில்லை. செலவில் ஒவ்வொரு பொருளின் பங்கும் விலையோடும் மொத்தச் செலவோடும் எப்படி மாறுகிறது என்று சொல்கிற மாடலாக, 1980-இல் பொருளாதார அறிஞர்கள் டீட்டனும் மியூல்பாவரும் கொடுத்த ஏ.ஐ.டி.எஸ். இருக்கிறது, 1997-இல் பேங்க்ஸ், பிளண்டெல், லூபெல் மூவரும் அதில் இருபடி உறுப்பைச் சேர்த்த க்யூ.ஏ.ஐ.டி.எஸ். இருக்கிறது, ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் இரண்டுக்கும் கமாண்ட் இருக்கிறது. மதுரையில் உட்கார்ந்து தமிழ்நாட்டுக் குடும்பங்களின் உணவுத் தேவையை நான் ஆராய்ந்தபோது என் உயிரை வாங்கியது மாடல் இல்லை, விலை.

நான் எடுத்துக்கொண்டது 2022-23 குடும்ப நுகர்வுச் செலவினக் கணக்கெடுப்பு. நாடு முழுக்க 2,61,746 குடும்பங்கள். மத்திய புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் பதிவு செய்தால் தரவு இலவசம். உணவு, மற்ற நுகர்பொருள்-சேவை, நீடித்த பொருள் என்று மூன்று வினாத்தாள், மூன்று தடவை வீட்டுக்குப் போய்க் கேட்டவை, அதனால் வீட்டில் எத்தனை பேர் என்பதும் தாளுக்குத் தாள் மாறலாம், தலா செலவு போடும்போது அந்தந்தத் தாளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். இது பொறுமை இருந்தால் முடிகிற வேலை.

விலைக்கு வருவோம். சர்வே விலையைக் கேட்பதில்லை, எவ்வளவு வாங்கினீர்கள், எத்தனை ரூபாய் ஆனது என்றுதான் கேட்கிறது. ரூபாயைக் கிலோவால் வகுத்தால் வருவது அலகு மதிப்பு. அது விலை இல்லை என்று பாடத்தில் படித்திருந்தாலும், கீழ மாசி வீதியில் ஓர் அரிசிக் கடை முன்னால் நின்றால்தான் உறைக்கும். வரிசையாகத் திறந்து வைத்த மூட்டைகள், ஒவ்வொன்றிலும் செருகிய அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய விலை, புதுப் பொன்னிக்கு ஒன்று, பழைய பொன்னிக்கு ஒன்று, இட்லி அரிசிக்கு வேறு. சர்வே தாளில் இத்தனையும் சேர்ந்து ரேஷன் அல்லாத அரிசி என்ற ஒரே வரிதான். வசதியான வீடு பழைய பொன்னி வாங்கியதை அந்த வீட்டுக்கு விலை கூடுதல் என்று மாடல் எடுத்துக்கொள்ளும். விலை ஏறும்போது சனங்கள் ஒரு படி மட்டமான ரகத்துக்கு இறங்குவதால் அலகு மதிப்பு விலை அளவுக்கு ஏறாது, அதை வைத்துக் கணக்கிட்டால் நெகிழ்ச்சி, அதாவது விலை ஒரு சதவீதம் ஏறினால் வாங்குவது எத்தனை சதவீதம் குறைகிறது என்பது, உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும்.

டீட்டன் 1988-இல் சொன்ன வழியைத்தான் பிடித்தேன். ஒரே கிராமத்தில், ஒரே காலத்தில் பேட்டி கண்ட வீடுகள் எல்லாம் ஒரே விலையைத்தான் பார்க்கின்றன என்று வைத்துக்கொள்வது. அப்படியானால் ஊருக்குள்ளே வீட்டுக்கு வீடு அலகு மதிப்பு மாறுவது தரத்தாலும் அளவைப் பிழையாலும்தான். அதை முதலில் கணக்கிட்டுக் கழித்துவிட்டால் ஊருக்கும் ஊருக்கும் இடையே மிஞ்சுகிற வித்தியாசம் விலையைக் காட்டும். இந்தச் சர்வேயில் ஒரு கிராமத்துக்கு, அல்லது நகரத்தில் ஒரு பிளாக்குக்கு, 18 வீடுகள் என்பதால் இதற்குத் தோதாக இருந்தது. “ஒரே ஏரியாவுல ஒரே வெலைன்னு நம்புறியாப்பா?” என்று கைடு கேட்டார். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்துக்கு நம்புவேன், மாட்டுத்தாவணிச் சந்தைக்கும் ஏசி சூப்பர் மார்க்கெட்டுக்கும் மாறி மாறிப் போகிற நகர வீடுகளுக்கு அவ்வளவாக நம்ப மாட்டேன் என்றேன். அதனால் இரண்டையும் தனித்தனியாக ஓட்டினேன். தரத்தைக் கழித்த பிறகு அரிசியில் கிராமத்துக்கும் நகரத்துக்கும் தெரிந்த இடைவெளி சுருங்கிவிட்டது.

அடுத்தது ரேஷன் அரிசி. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அது விலையில்லா அரிசி, மாடலில் விலைக்கு லாக் (மடக்கை) எடுக்க வேண்டும், பூஜ்யத்துக்கு அதை எடுக்க முடியாது. சர்க்கரை அட்டைக்காரர்களுக்கு அரிசியே கிடையாது என்பது தனி. சர்வே அறிக்கையே இலவசப் பொருளுக்கு மதிப்புப் போடாமலும் போட்டும் இரண்டு விதமாகக் கணக்குக் கொடுக்கிறது. பாடத்தின்படி, இலவச அரிசி போதாமல் கடையிலும் வாங்குகிற வீட்டுக்கு அது கையில் கொடுத்த காசு மாதிரிதான், முடிவு செய்வது கடை விலை. ஆனால் கள்ளந்திரிப் பக்கம் இருக்கிற என் அத்தையிடம் கேட்டால், “மருமகனே, அது மாவாட்ட, இது சோத்துக்கு, ரெண்டும் ஒண்ணா?” என்கிறார். அத்தை சொன்னதுதான் தரவுக்கும் ஒத்துவந்தது. இரண்டையும் ஒரே அரிசியாகக் கூட்டாமல், இலவசத்தின் மதிப்பை மொத்தச் செலவில் சேர்த்து, கடை அரிசிக்குத் தனிச் சமன்பாடு வைத்தேன்.

கறிக்கு வந்தால் பூஜ்யங்கள். கறி, மீன், முட்டைக்கு ஏழு நாள் கணக்குத்தான் கேட்கிறார்கள். வாங்கவில்லை என்றால் சைவமா, காசில்லையா, அந்த வாரம் எடுக்கவில்லையா, இல்லை புரட்டாசியா? நம்மூரில் புரட்டாசியில் அசைவத்தைத் தொடாத வீடுகள் எத்தனை! அதனால் பேட்டி நடந்த காலத்துக்கு டம்மி மாறி (அந்தக் காலம் என்றால் 1, இல்லையென்றால் 0) கட்டாயம். ஷாங்க்வைலரும் யென்னும் 1999-இல் சொன்ன இரண்டு படி முறையில், வாங்குவார்களா என்பதற்கு முதலில் புரோபிட் (ஆம்-இல்லை விடைக்கான நிகழ்தகவு மாடல்), அப்புறம் எவ்வளவு என்பது. இதில் ஒரு சங்கடம், எல்லாப் பொருள்களின் செலவுப் பங்குகளையும் கூட்டினால் ஒன்று வர வேண்டும் என்பது போய்விடும், வழக்கம்போல ஒரு சமன்பாட்டை விட்டுவிட்டு மீதியை மதிப்பிட முடியாது. மதிப்பீட்டின் திட்டப் பிழைக்கு (ஸ்டாண்டர்ட் எரர்) வீடு வீடாக இல்லாமல் ஊர் ஊராகப் பூட்ஸ்ட்ராப், அதாவது தரவிலிருந்தே திரும்பத் திரும்ப மாதிரி எடுத்து ஓட்டுவது, செய்ய வேண்டும், இரவு முழுக்க லேப்டாப் ஓடும், கரண்ட் போனால் போச்சு, ஒவ்வொரு சுற்றின் முடிவையும் உடனே கோப்பில் எழுதச் சொல்லிவிடுங்கள்.

வைவாவில் (ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு) வெளித் தேர்வாளர் க்யூ.ஏ.ஐ.டி.எஸ். பக்கமே போகவில்லை. இலவச அரிசிக்கு மதிப்பே போடாமல் விட்டிருந்தால் ஏழை வீடுகளின் முடிவு எப்படி இருந்திருக்கும் என்றுதான் கேட்டார். இரண்டு விதமாகவும் ஓட்டிய அட்டவணைகள் பின்னிணைப்பில் இருந்தன, பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன், படித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.