பாச்சிஸ்லோ ஒயரிங் நாட்குறிப்பு: டோக்கன் போட்டும் ஆட, போடாமலும் ஆட

2024 ஜூன் 8, சனி

ஜப்பானியப் பாச்சிஸ்லோ (உலோக டோக்கன் போட்டு ஆடும் ஸ்லாட் இயந்திரம்) ஒன்றில் டோக்கன் இல்லாமலும் ஆட வழி செய்வதுதான் வேலை. மூன்று ரீல், ரீலுக்கு ஒரு நிறுத்துப் பொத்தான், ஓர் ஆட்டத்துக்கு அதிகபட்சம் 3 டோக்கன், உள்ளே 50 வரை கிரெடிட். ஆட்டக்கூடங்களில் காலம் முடிந்து கழற்றிய இயந்திரங்கள் பழைய சரக்காக வீடுகளுக்கு வருகின்றன. டோக்கனின் விட்டம் 25 மி.மீ.; ஒகினாவா பாணி இயந்திரங்களில் மட்டும் 30 மி.மீ. இரண்டையும் கலந்து போட்டால் ஹாப்பர், அதாவது டோக்கனை எண்ணி வெளியே தள்ளும் பெட்டி, சிக்கிக்கொள்ளும்.

அடுக்குமாடி வீட்டில் இரவு நேரத்தில் உலோகத் தட்டில் டோக்கன் கொட்டும் சத்தம் பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டிப் போகும். டோக்கனில்லா வசதியைப் பலர் தேடுவதற்கு முதல் காரணம் அதுதான்.

மெயின் போர்டின் ஒளிபுகும் பெட்டியைத் திறக்க வேண்டியதே இல்லை. வேலை முழுவதும் கனெக்டர்களில்தான். மூல ஒயர் ஒன்றைக்கூட வெட்டாமல், ஆண்-பெண் கனெக்டர் வைத்த இடை ஒயர்க்கட்டு ஒன்றைச் செய்து நடுவில் செருக வேண்டும். அதை உருவிவிட்டால் இயந்திரம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

2024 ஜூன் 9, ஞாயிறு

இன்று மின்சாரம் மட்டும்.

பாச்சிஸ்லோ 100 வோல்ட் ஏசியில் ஓடும். பச்சிங்கோவுக்கு (உலோகக் குண்டு வைத்து ஆடும் இன்னொரு வகை இயந்திரம்) 24 வோல்ட் ஏசி. இரண்டும் ஒரே கடையில் கிடைப்பதால் அடாப்டரை மாற்றி வாங்கிவிடுகிறார்கள். பின்பக்கத் தகட்டைப் படித்த பிறகே பிளக்கைத் தொட வேண்டும். அமெரிக்காவில் 120 வோல்ட்டில் நேரடியாகச் செருகி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஓடும், ஆனால் 20 சதவீதம் கூடுதல் மின்னழுத்தத்தில் பவர் பாக்ஸ் எப்போதும் சூடாகவே இருக்கும். 230 வோல்ட் நாடுகளில் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகினால் பவர் பாக்ஸோடு போயிற்று. டிரான்ஸ்ஃபார்மரின் விஏ (வோல்ட்-ஆம்பியர்) அளவு, தகட்டில் உள்ளதைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு இருக்கட்டும்.

பச்சை எர்த் ஒயரைத் தொங்கவிடக் கூடாது. டோக்கன்கள் ஒன்றோடொன்று உரசும்போது நிலைமின்சாரம் சேர்கிறது. அது வெளியேற வழியில்லாவிட்டால் ஆட்டத்தின் நடுவில் இயந்திரம் தானாக ரீசெட் ஆகும். காரணம் தெரியாமல் போர்டை மாற்றுவார்கள்; உண்மையில் மாற்ற வேண்டியது ஒரு திருகும் ஒரு ஒயரும்.

சுவிட்சை அணைத்தாலும் கெப்பாசிட்டரில் மின்சாரம் மிச்சம் இருக்கும். மல்டிமீட்டரில் 24 வோல்ட் தடம் 1 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய பிறகே கனெக்டரைக் கழற்ற வேண்டும்.

2024 ஜூன் 15, சனி

ஹாப்பர் ஒயர்களை அடையாளம் காணும் நாள். டோக்கன் வெளியேறாமலே வெளியேறியதாகப் போர்டை நம்பவைக்க வேண்டும். மற்ற எல்லா வேலையும் இதன்மேல்தான் நிற்கிறது, அவசரம் கூடாது.

ஹாப்பர் தண்டவாளத்தில் இழுத்து எடுக்கும் பெட்டி. பின்னால் உள்ள ட்ராயர் கனெக்டர் தள்ளும்போது தானாகப் பொருந்தும். அதற்குள் போகிறவை: மோட்டாருக்கு இரண்டு ஒயர், சென்சாருக்கு மூன்று (பவர், கிரவுண்ட், சிக்னல்). பெட்டி நிரம்பி வழிகிறதா என்று பார்க்கும் இரண்டு உலோக ஊசிகள் பக்கத்துத் தொட்டியில் தனியாக இருக்கும். டோக்கன் குவிந்து இரண்டையும் தொட்டால் இணைப்பு உண்டாகும். டோக்கனில்லா ஆட்டத்தில் தொட்டி காலி என்பதால் அந்த ஊசிகளைத் தொட வேண்டாம்.

ஒயர் நிறத்தை நம்பாதீர்கள், தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். மோட்டார் ஒயர் இரண்டையும் கிரவுண்டுக்கு எதிராகத் தனித்தனியாக அளக்க வேண்டும். பல இயந்திரங்களில் 24 வோல்ட் எப்போதும் ஒரு ஒயரில் நிற்கும். போர்டு மற்ற ஒயரைக் கிரவுண்டுக்கு இழுத்துத்தான் மோட்டாரை ஓட்டும். ஒரே ஒயரை அளந்து “எப்போதும் ஓடுகிறது” என்று முடிவு கட்டினால் பின்னால் எல்லாம் தப்பாகும்.

அடுத்து சென்சார் சிக்னல். டோக்கன் வெளியேறும் வாயில் சிறு கை ஒன்று இருக்கிறது. டோக்கன் அதைத் தள்ளும்போது ஒளிக்கற்றை மறைபடும். கையை விரலால் தள்ளியபடி மீட்டரைப் பார்த்தால், இந்த இயந்திரத்தில் சும்மா இருக்கும்போது கிட்டத்தட்ட 0, தள்ளினால் 5 வோல்ட். அதாவது வெளிச்சம் படும்வரை சென்சார் சிக்னலைக் கிரவுண்டில் பிடித்து வைத்திருக்கிறது, மறைத்ததும் விட்டுவிடுகிறது.

இணையத்தில் கிடைக்கும் பல வரைபடங்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. சென்சாருக்குப் பக்கவாட்டில் ஒரு ஆப்டோகப்ளரை (உள்ளே இருக்கும் எல்இடியின் ஒளியால் சிக்னலைக் கடத்தும் சிறு பாகம், சுருக்கமாக ஆப்டோ) இணைத்தால் போதும் என்பார்கள். கிரவுண்டில் இறுக்கிப் பிடித்திருக்கும் கோட்டைப் பக்கவாட்டு இணைப்பால் மேலே தூக்க முடியாது. இந்த வகையில் சிக்னல் ஒயரைப் பிரித்து, சென்சார் இருந்த இடத்தில் ஆப்டோவை உட்கார வைக்க வேண்டும். சும்மா இருக்கும்போது 5 வோல்ட், மறைத்தால் 0 என்று வருகிற இயந்திரத்தில் மட்டுமே பக்கவாட்டு இணைப்பு செல்லும்.

2024 ஜூன் 16, ஞாயிறு

போர்டு ஹாப்பர் மோட்டாரை ஓட்டும்போது டோக்கன் வெளியேறியதுபோல் சிக்னல் கொடுக்கப்போவது ஆர்டுயினோ நானோ என்ற சிறு நிரல் பலகை. ஹாப்பர் பகுதிக்கு வாங்கியவை: 5 வோல்ட் ஆர்டுயினோ நானோ 1, பிசி817 ஆப்டோகப்ளர் 2, 2எஸ்சி1815 டிரான்சிஸ்டர் 1, 1என்4148 டையோடு 1, 4.7 கிலோ ஓம், 470 ஓம், 22 கிலோ ஓம், 1 கிலோ ஓம் கால் வாட் ரெசிஸ்டர் ஒவ்வொன்று, 1 கிலோ ஓம் 1 வாட் ஒன்று, நான்கு முனை இருவழி டாகிள் சுவிட்ச் 1. அகிஹபராவின் உதிரிபாகக் கடைகளில் எல்லாமே சில்லறையாகக் கிடைக்கும்.

மோட்டார் பக்கம்: மோட்டாரைக் கழற்றிவிட்டு அதன் இரண்டு ஒயருக்குக் குறுக்கே 4.7 கிலோ ஓம் வழியாக ஆப்டோவின் கால் 1, 2. ஏறத்தாழ 4.8 மில்லி ஆம்பியர் ஓடும், போதும். எல்இடிக்குத் தலைகீழாக 1என்4148. துருவம் திரும்பும் குத்து வந்தாலும் எல்இடி பிழைக்கும். 1 வாட் ரெசிஸ்டர் அதே இரண்டு ஒயருக்குக் குறுக்கே சுமையாக. மோட்டார் இல்லாதபோது டிரைவரின் கசிவு மின்னோட்டமே ஆப்டோவை அரைகுறையாக எரியவைக்கும். நானோ மோட்டார் ஓடுவதாக நினைத்துக்கொள்ளும். சுமை ரெசிஸ்டர் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. அது அரை வாட்டுக்கு மேல் எரிப்பதால் கால் வாட் போட்டால் கருகும்.

சென்சார் பக்கம்: இரண்டாவது ஆப்டோவின் கால் 4 சிக்னலுக்கு, கால் 3 கிரவுண்டுக்கு. அதன் எல்இடியை 470 ஓம் வழியாக 2எஸ்சி1815 ஓட்டும். டிரான்சிஸ்டரின் பேஸை 22 கிலோ ஓமால் 5 வோல்ட்டுக்கு இழுத்துவிட்டு, நானோவின் வெளியீட்டுக் காலிலிருந்து 1 கிலோ ஓம். நானோ எழுந்திருக்க ஒன்றிரண்டு நொடி ஆகும். அதுவரை அந்தக் கால் அந்தரத்தில் நிற்கும். 22 கிலோ ஓம் இல்லாவிட்டால் ஆப்டோ அணைந்தே இருக்கும், போர்டு அதை டோக்கன் சிக்கியதாகப் படிக்கும், ஆட்டம் தொடங்கும் முன்பே ஹாப்பர் பிழை. இந்த ஒரு ரெசிஸ்டரை எக்காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள்.

நானோவுக்குத் தனி 5 வோல்ட் யுஎஸ்பி அடாப்டர். இயந்திரத்தின் கிரவுண்டை நானோவோடு சேர்க்கக் கூடாது. ஆப்டோ போட்டதே அதற்காகத்தான்.

2024 ஜூன் 19, புதன்

நிரல் சின்னது. மோட்டார் கோடு உயிர்பெற்றதும் 100 மில்லிநொடி பொறு. பிறகு 50 மில்லிநொடி மறைப்பு, 70 மில்லிநொடி இடைவெளி, மோட்டார் நிற்கும்வரை திரும்பத் திரும்ப. தொடங்கிய மறைப்பை முடித்துவிட வேண்டும், புதிதாக ஒன்றைத் தொடங்கக் கூடாது. மோட்டார் நின்ற பிறகு கூடுதலாக ஒரு துடிப்பு போனால் போர்டு பிழை காட்டி நின்றுவிடும். இடைவெளியை 20 மில்லிநொடியாகக் குறைத்து வேகப்படுத்தினால் நடப்பது இதுவே.

சோதிக்கும்போது ஒரு விஷயம். கிரெடிட் 50க்குக் கீழே இருக்கும்வரை வெற்றி கிரெடிட்டில் ஏறும், ஹாப்பர் அசையாது. ஆடிப் பார்த்து “வேலை செய்கிறது” என்று நம்பிவிடலாம். 50 கிரெடிட் ஏற்றிவிட்டு, கிரெடிட்டை டோக்கனாக வெளியே கொடுக்கும் கணக்கு முடிக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். 50 துடிப்பு, ஒவ்வொன்றும் 120 மில்லிநொடி, 6 நொடியில் எண் பூஜ்யத்தைத் தொட வேண்டும். பிழை வந்தால் கதவுச் சாவியை இடப்பக்கம் திருப்பினால் நீங்கும். வலப்பக்கம் திருப்பினால் கதவு திறக்கும்.

2024 ஜூன் 22, சனி

டோக்கன் நுழையும் செலக்டர். ஹாப்பரைவிட இது கெடுபிடி, ஏனென்றால் ஆட்டக்கூடத்தில் ஏமாற்றுபவர்கள் முதலில் கைவைக்கும் இடம் இதுதான். உள்ளே அடுத்தடுத்து இரண்டு ஒளிச் சென்சார். டோக்கன் இறங்கும்போது முதலாவது மறையும், அது விலகும் முன்பே இரண்டாவது மறையும், பிறகு முதலாவது திறக்கும், கடைசியில் இரண்டாவது. வரிசை மாறினால் பிழை. பொத்தான் ஒன்றை முதல் சென்சாருக்குக் குறுக்கே இணைத்தால் கிடைப்பது பிழைச் செய்தி மட்டுமே.

நானோ ஒரு அழுத்தலுக்கு அனுப்புவது: 0 மில்லிநொடியில் முதலாவது மறைப்பு, 15ல் இரண்டாவது, 30ல் முதலாவது திறப்பு, 45ல் இரண்டாவது திறப்பு. இரண்டு சென்சாருக்கும் ஹாப்பர் சென்சாருக்குச் செய்த அதே சுற்று.

செலக்டரில் தடுப்புச் சுருள் ஒன்றும் உண்டு. அதில் மின்சாரம் இருக்கும்போதுதான் டோக்கன் உள்ளே போகும். ரீல் சுழலும்போதும் கிரெடிட் நிறைந்தபோதும் அணைந்து, போட்ட டோக்கனைத் தட்டுக்குத் திருப்பிவிடும். அணைந்த நேரத்தில் சென்சார் அசைந்தால் போர்டு முறைகேடு என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே சுருளின் ஒயரையும் இன்னோர் ஆப்டோ வழியாக நானோ கவனித்து, மின்சாரம் உள்ளபோது மட்டும் துடிப்பை அனுப்ப வேண்டும்.

2024 ஜூன் 23, ஞாயிறு

ஒலி. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 12 டெசிபல் குறைக்க, வரிசையில் 6.2 ஓம், ஸ்பீக்கருக்குக் குறுக்கே 2.7 ஓம், இரண்டும் 5 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர். ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்கும் தனி ஜோடி. பல ஆம்ப்கள் பாலம் முறையில் ஓடுபவை, ஸ்பீக்கரின் இரண்டு ஒயரிலும் சிக்னல் உண்டு. ஹெட்ஃபோன் ஜாக் வைக்கிறோம் என்று இடது, வலது மைனஸைச் சேர்த்து முடிச்சுப் போட்டால் ஆம்ப் ஐசி போய்விடும்.

டோக்கன், டோக்கனில்லா முறைகளை மாற்றும் டாகிள் சுவிட்சின் இரண்டு முனை மோட்டாருக்கு, ஒன்று ஹாப்பர் சிக்னலுக்கு, மீதி ஒன்று நானோவுக்கு நிலையைச் சொல்ல. செலக்டருக்குத் தனி இடை ஒயர்க்கட்டு. டோக்கன் போட்டு ஆட நினைத்தால் அதை உருவி மூலக் கனெக்டரைச் சேர்க்க வேண்டும். டாகிளை இயந்திரம் அணைந்திருக்கும்போது மட்டுமே மாற்றலாம். ஓடும்போது மாற்றினால் சிக்னல் ஒரு கணம் அந்தரத்தில் நின்று ஹாப்பர் பிழை வரும். ஒவ்வொரு கனெக்டரிலும் பின் எண், ஒயர் நிறம், அளந்த வோல்ட் எழுதிய தாளைக் கதவின் உட்பக்கம் ஒட்டியாயிற்று.