ஷாநாமா தாளில் பச்சைக் கோடு

பாரசீகக் காவியமான ஷாநாமாவின் பழைய ஓவியப் பிரதியிலிருந்து தாள் ஒன்று பழுதுபார்க்க மேசைக்கு வந்தால், ஓவியத்தில் சண்டையிடும் வீரன் ருஸ்தமையும் வெள்ளை அரக்கனையும் அப்புறம் ரசிக்கலாம். முதலில் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்க வேண்டும். செய்யுள் கட்டத்தைச் சுற்றி ஓடும் பச்சைக் கோட்டுக்கு நேர் பின்னால் பழுப்புக் கறை தெரிந்தால் வேலை அங்கேதான் இருக்கிறது.

அந்தப் பச்சை பெரும்பாலும் செம்பைக் காடியில் ஊறவைத்து எடுத்த வெர்டிகிரிஸ். ஈரம் பட்டால் அதிலுள்ள செம்பு நகர்ந்து, தாளின் நாரைச் சிதைக்கிறது. கறை கருக்கும், தாள் நொறுங்கும், கடைசியில் கோட்டோடு சேர்ந்து கிழியும். எழுத்துக் கட்டம் தனியாகவும் ஓரம் தனியாகவும் கையில் வரும். இதைத் தடுக்கப் பச்சையில் குங்குமப்பூ சேர்க்கச் சொல்கின்றன பழைய பாரசீகக் கைநூல்கள். நல்ல பட்டறைகள் அதைக் கடைப்பிடித்திருக்கும். எல்லாப் பட்டறையும் நல்ல பட்டறை அல்லவே.

கிழிசலைக் கண்டதும் நீர்த்த மாவுப்பசையை எடுப்பதுதான் இங்கே பெரிய தவறு. பசையின் தண்ணீரே செம்பைப் பக்கத்துத் தாளுக்குக் கொண்டுபோய்விடும். ஒட்டின இடத்தைச் சுற்றிப் புதுக்கறை படரும். பாரசீகத் தாள் மாவுக்கஞ்சி பூசிக் கல்லால் தேய்த்து மெருகேற்றியது. ஈரம் பட்ட இடத்தில் அந்தப் பளபளப்பும் போய்விடும், திரும்ப வராது.

ஒட்டுப்பட்டையை முன்கூட்டியே தயாரித்து வைப்பது நல்லது. 100 மில்லி வெந்நீரில் 3 கிராம் ஜெலட்டின் கரைத்து, மிக மெல்லிய ஜப்பானியத் தாளில் பூசி, நன்றாகக் காயவிட வேண்டும். பிறகு 3, 4 மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டிக்கொள்ளலாம். ஒட்டும்போது ஈரப் பஞ்சின் மேல் வடிதாள் விரித்து, பட்டையின் பசைப்பக்கத்தை அதில் சில விநாடி மட்டும் தொட வேண்டும். பட்டை பளபளத்தால் தண்ணீர் அதிகம். தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுங்கள். பின்பக்கத்தில் வைத்து, மேலே வடிதாளும் சிறு பாரமும் வைத்தால் போதும். முழு நீளத்துக்கும் ஒரே பட்டை வேண்டாம். காயும்போது இழுத்துத் தாளை நெளிய வைக்கும். விரிசல் உள்ள இடங்களில் மட்டும் துண்டு துண்டாக ஒட்டலாம்.

ஓவியத்திலுள்ள முகங்களில் கறுத்துப்போன ஈய வெள்ளை நிறத்தைப் பழையபடி வெளுக்கச் சொல்லிக் கேட்பார்கள். நாங்கள் தொடுவதில்லை.

16-ஆம் நூற்றாண்டு ஈரானிய மன்னர் ஷா தஹ்மாஸ்ப் காலத்து ஷாநாமா பிரதியில் 258 ஓவியங்கள் இருந்தன. 1970-களில் அது தாள் தாளாகப் பிரிந்து பல கைகளுக்குப் போனது. மிச்சமிருந்த பகுதி 1994-இல் நவீன ஓவியர் டி கூனிங்கின் ஓவியம் ஒன்றுக்கு மாற்றாக ஈரானுக்குத் திரும்பியது. இப்படி நூலிலிருந்து பிரிந்து சட்டத்துக்குள் போகும் தாள் எதுவானாலும், நான்கு பக்கமும் ஒட்டி இறுக்கினால் ஈரப்பதம் மாறும்போது சுருங்க இடமில்லாமல் பச்சைக் கோட்டில்தான் வெடிக்கும். மேல் விளிம்பில் இரண்டு காகிதக் கீல் மட்டும் வைத்து, கீழே தொங்க விடுங்கள். கண்ணாடி தாளைத் தொடக் கூடாது. ஒளி 50 லக்ஸ் (வெளிச்ச அளவின் அலகு), ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி.